மூளைநோயுற்றாரின் மனத்துயரை அளந்த வரலாறு

முன்னுரை

காய்ச்சலை அளக்கும் வெப்பமானியில் உள்ள பாதரசம் தான் காய்ச்சலுறுவதில்லை. துலாக்கோலின் நா, தட்டில் இட்ட பொருளால் திரிபடைவதில்லை. அளக்கும் கருவி வேறு, அளக்கப்படும் பொருள் வேறு என்னும் அடிப்படையின்மீதே அளவைக் கலை முழுதும் நிற்கின்றது. மருத்துவத்தில் இவ்வடிப்படை ஆட்டங்காணும் இடம் ஒன்று உண்டு. மூளைக்கட்டி, பக்கவாதம், வலிப்பு, மறதிநோய் முதலியவற்றால் தாக்குண்ட ஒருவரை நோக்கி, ‘உம் மனம் எவ்வாறு உள்ளது?’ என்று வினவுகின்றோம். அவர் தம் மனத்தை உற்றுநோக்குவதும், நோக்கியதைச் சொல்லாக்குவதும், சொல்லை வாயால் வெளியிடுவதும் மூளையாலேயே நிகழ்கின்றன. அம்மூளையே நோயுற்றிருக்கின்றது. விடை கூறவேண்டிய உறுப்பே பழுதுற்றிருக்க, அவ்விடையை எங்ஙனம் நம்புவது? நம்பாது விடின், அவர் துயரை வேறு எங்ஙனம் அறிவது?

இவ்வினாவை மருத்துவ உலகம் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாகப் பல வகையில் எதிர்கொண்டு வந்துள்ளது. அவ்வரலாற்றை ஒருவாறு தொகுத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழாய்வுக்குரிய ஏட்டில் இப்பொருள் இடம்பெறுவது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயின் மனத்துயரை அளக்கும் கருவி எதுவாயினும் அது சொல்லால் ஆயது. சொல்லின் பொருளை நம்பியே அது நடைபெறுகின்றது. ஆதலின் மொழியாராய்வார்க்கும் இவ்வரலாற்றில் பங்கு உண்டு என்பது நம் கருத்து.

ஈண்டு ‘மனத்துயர்’ என்பதைச் சற்று விரிந்த பொருளில் ஆளுகின்றோம். மனச்சோர்வு, பதற்றம், அச்சம், கையறு நிலை முதலிய அனைத்தையும் அச்சொல் தழுவும். ‘மனச்சோர்வு’ என்னுமிடத்து மருத்துவர் ஒரு தனி நோயாக வகுத்துரைக்கும் நிலையையே குறிப்போம்.

மெய்ப்பாடும் உணர்வும்

உள்ளத்து நிகழ்வை உடலிற் காணும் குறியால் உணர்தல் மிகப் பழைய முறை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளை வகுத்து, ஒவ்வொன்றும் தோன்றும் நிலைக்களன் நான்கு நான்காகக் கூறுகின்றது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன நிலைக்களன்கள். அழுகை உண்டாயின் அதற்கேற்ற ஒரு துயர் உள்ளே உண்டு என்னும் நம்பிக்கை இப்பகுப்பின் அடியில் கிடக்கின்றது. நலமுற்ற மாந்தரைப் பொறுத்தவரை இது பெரிதும் உண்மையே.

மூளைநோய் இத்தொடர்பை அறுத்துவிடக் கூடும். இதனை முற்பட நோக்கியவருள் ஒருவர் சார்லசு டார்வின். மனிதரும் விலங்குகளும் உணர்ச்சியை வெளியிடும் முறைபற்றி அவர் 1872-இல் வெளியிட்ட நூலில், பக்கவாதம், மூளைத் தேய்வு, முதுமைத் தளர்ச்சி முதலியன அழுகையை எளிதில் தூண்டும் இயல்பின என்று குறித்தார். சிறு காரணம் பற்றியோ, காரணம் யாதுமின்றியோ கண்ணீர் பெருகுதல் இந்நிலையின் இயல்பு. பின்னர்ச் செருமானிய மருத்துவர் கிளவுசு பேக் 1969-இல் இதனை விரிவாக வரையறுத்தார். தூண்டுதலுக்குப் பொருந்தாமலும், உள்ளத்து உணர்வோடு இயையாமலும், அடக்க முடியாமலும் தோன்றும் சிரிப்பும் அழுகையும் ஒரு தனி வகை என்பது அவ்வரையறையால் தெளிவாயிற்று.

இவ்வாறு அழுபவர் ஒருவரைத் துயருற்றார் என எண்ணி எண்ணிடுவோமாயின் பிழைபடுவோம். இதற்கு மறுதலையான பிழையும் நேரக்கூடும். முகத்தசைகள் இறுகிப்போன பார்க்கின்சன் நோயாளர் உள்ளே வருந்தினும் முகம் அதனைக் காட்டுவதில்லை. குறி உண்டு, உணர்வு இல்லை. உணர்வு உண்டு, குறி இல்லை. இவ்விரு நிலைகளும் கூடுமாதலின், புறத்தோற்றத்தை மட்டும் நோக்கி மூளைநோயுற்றாரின் உள்ளத்தை அறிதல் இயலாது என்பது இவ்வரலாற்றின் முதற் பாடம் ஆயிற்று.

அறியாமையும் பேரதிர்ச்சியும்

இரண்டாவது பாடம் பிரான்சு நாட்டிலிருந்து வந்தது. யோசேப்பு பாபின்சுக்கி என்னும் நரம்பியல் மருத்துவர் 1914-இல் பாரிசு நகர நரம்பியற் கழகத்தின் முன் சில நோயாளரைப் பற்றி உரைத்தார். இடப்பக்கம் முற்றும் செயலிழந்த அவர்கள், தமக்கு யாதொரு குறையும் இல்லை என்றே கூறினர். பொய்யுரைக்க வேண்டும் என்பது அவர்தம் கருத்தன்று. தம் நோயைத் தாம் அறியும் ஆற்றலையே நோய் பறித்திருந்தது. இந்நிலைக்கு ‘நோயறியாமை’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் அவர் பெயரிட்டார். நோயை அறிந்தும் அதுபற்றிக் கவலாதிருக்கும் நிலைக்கு வேறொரு பெயரும் தந்தார். இவ்வகை நோயாளர் ‘எமக்குத் துயர் இல்லை’ என்று கூறுவாராயின், அக்கூற்று மன அமைதியைக் காட்டுகின்றதா, மூளைச் சிதைவைக் காட்டுகின்றதா என்பது ஆராய்தற்குரியது.

அதே காலத்தில் மூண்ட முதல் உலகப் போர், தலையிற் குண்டடிபட்ட இளைஞரைப் பெருந்தொகையினராக மருத்துவமனைகளுக்கு அனுப்பியது. செருமனியின் பிராங்குபர்ட்டு நகரில் குர்ட்டு கோல்டுசுட்டைன் இத்தகைய வீரரை நெடுங்காலம் உடனிருந்து ஆராய்ந்தார். எளிய கணக்கு ஒன்றைச் செய்யுமாறு கேட்டபோது, அதனைச் செய்யமாட்டாத ஒருவர் திடீரென முகம் வெளிறி, நிலைகலங்கி, சினமோ அழுகையோ மேலிட நிற்பதை அவர் கண்டார். ‘பேரழிவு எதிர்வினை’ என அவர் அதற்குப் பெயரிட்டார். ஒரு கணக்குத் தவறியதற்காக எழுந்த கலக்கம் அன்று அது; தம் உலகமே தம் கையைவிட்டு நழுவுகின்றது என்னும் உணர்வினால் எழுந்தது என்பது அவர் விளக்கம். 1933-இல் செருமனியில் ஆட்சி மாறியபோது யூதராகிய அவர் சிறைப்பட்டு, நாட்டை விட்டு நீங்க நேர்ந்தது. ஆம்சுட்டர்டாமில் ஏதிலியாய்த் தங்கியிருந்தபோது எழுதி 1934-இல் வெளியிட்ட பெருநூலில் இக்கருத்துகளை அவர் விரித்துரைத்தார்.

கோல்டுசுட்டைனின் நோக்கில் நம் ஆய்வுக்கு இன்றியமையாத ஒன்று உண்டு. சோதனையே துயரை விளைவிக்கக் கூடும் என்பதே அது. நினைவாற்றலையும் மொழியாற்றலையும் சோதிக்கும் கடினமான வினாக்களை அடுக்கியபின், ‘உம் மனம் எவ்வாறு உள்ளது?’ என்று கேட்பாராயின், அவ்வினாக்கள் கிளப்பிய கலக்கமும் விடையிற் கலந்துவிடும். அளக்கும் செயலே அளக்கப்படும் பொருளை மாற்றிவிடும் என்னும் இவ்வெச்சரிக்கை இன்றும் பொருந்துவதாகும்.

இத்தாலியின் கைதோ கயினோத்தி 1972-இல், மூளையின் ஒரு பாதியில் மட்டும் சேதமுற்ற 160 நோயாளரை ஒப்பிட்டு ஆராய்ந்தார். இடப்பாதி சேதமுற்றோரிடம் கலக்கமும் கண்ணீரும் மிகுதியாகவும், வலப்பாதி சேதமுற்றோரிடம் பொருட்படுத்தாமையும் வேடிக்கைப் பேச்சும் மிகுதியாகவும் காணப்பட்டன. பாபின்சுக்கி கண்டதும் கோல்டுசுட்டைன் கண்டதும் ஒரே நோயின் இரு பக்கங்கள்போல் இவ்வாய்வில் எதிரெதிராக நின்றன.

எண்களின் வருகை

இதுகாறும் கூறியவை யாவும் மருத்துவர் கண்ணாற் கண்டு சொல்லாற் பதிந்தவை. துயருக்கு எண் இடும் வழக்கம் வேறொரு வழியாக வந்தது. முதல் உலகப் போரின்போது அமெரிக்க உளவியலறிஞர் இராபர்ட்டு உட்வொர்த்து, படைவீரரின் மனநிலையைத் தேர்ந்தறிய ஆம், இல்லை என விடை கூறத்தக்க வினாத்தாள் ஒன்றை ஆக்கினார். மருத்துவரின் நேரத்தை எதிர்பாராது பலரை ஒருங்கே வினவலாம் என்பது அதன் பயன். பின்னர் எழுந்த வினாத்தாள்களுக்கு அது முன்னோடியாயிற்று.

புற்றுநோய்த் துறையில் 1949-இல் டேவிட்டு கார்னாப்சுக்கி 0 முதல் 100 வரை பத்துப் பத்தாக உயரும் ஓர் அளவுகோலைத் தந்தார். நோயாளர் தம் வேலையைச் செய்ய இயலுமா, பிறர் உதவி வேண்டுமா, படுக்கையிற் கிடக்கின்றாரா என்பவற்றை அது அளந்தது. மூளைக்கட்டி மருத்துவத்தில் இவ்வளவுகோல் இன்றும் பெருவழக்காக உள்ளது. ஆயினும் நோயாளர் என்ன செய்ய வல்லவர் என்பதையன்றி, அவர் என்ன உணர்கின்றார் என்பதை அது கேட்பதில்லை. 90 என்னும் எண் பெற்று நடமாடும் ஒருவர் இரவெல்லாம் அஞ்சிக் கிடக்கலாம். 40 பெற்றவர் மனந்தேறியிருக்கலாம்.

மனச்சோர்வுக்கென்றே அமைந்த அளவுகோல்கள் 1960-ஐ ஒட்டி எழுந்தன. இங்கிலாந்தின் லீட்சு நகரத்து மாக்சு ஹாமில்ட்டன் 1960-இல் 17 கூறுகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார். நோயாளருடன் உரையாடியபின் மருத்துவர் எண்ணிடுவது அதன் முறை. அடுத்த ஆண்டு, 1961-இல், அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஆரன் பெக் 21 தொகுதிகள் கொண்ட மற்றொன்றை வெளியிட்டார். ஒவ்வொரு தொகுதியிலும் உள்ள கூற்றுகளுள் தமக்குப் பொருந்துவதை நோயாளரே தெரிந்தெடுப்பார், 0 முதல் 3 வரை எண் பெறும், மொத்தம் 63. மருத்துவரின் மதிப்பீட்டிலிருந்து நோயாளரின் சொல்லுக்கு மதிப்பளிக்கும் நிலைக்கு மருத்துவம் நகர்ந்ததற்கு இவ்விரண்டும் நல்ல சான்றுகளாம்.

ஆனால் இரண்டுமே உடல்நலம் வாய்ந்து மனம் சோர்ந்தவர்களை எண்ணி அமைந்தவை. உறக்கமின்மை, பசியின்மை, எடை குறைதல், களைப்பு, செயல் தாமதம் என்பனவும் அவற்றில் எண் பெறுகின்றன. மூளைக்கட்டிக்காகக் கதிர்மருத்துவம் பெற்றுவரும் ஒருவர் களைத்திருப்பது இயல்பு. மூளையின் வீக்கத்தைத் தணிக்கத் தரும் தெக்சாமெத்தசோன் என்னும் மருந்து உறக்கத்தைக் கெடுக்கும், பசியை மிகுவிக்கும், மனநிலையையும் ஏற்றியிறக்கும். இவற்றையெல்லாம் மனச்சோர்வின் குறியெனக் கூட்டின், மனம் தெளிந்திருப்பவரும் சோர்ந்தவராகக் கணக்கிடப்படுவர். இவையெல்லாம் நோயின் விளைவே என்று கழித்துவிடின், உண்மையிற் சோர்ந்தவரும் கண்ணுக்குத் தப்புவர். மூளைநோய் மருத்துவத்தில் இவ்விரு பிழைகட்கும் இடையே நடந்து செல்வதே பெருஞ்சிக்கலாயிற்று.

லீட்சு நகரத்து வினாத்தாள்

இச்சிக்கலை உடல்நோயாளர் அனைவர்க்கும் பொதுவாகத் தீர்க்க முயன்ற கருவி மீண்டும் லீட்சு நகரிலிருந்தே வந்தது. ஆந்தனி சிக்மண்டு, பிலிப்பு சினேத்து என்னும் இருவரும் 1983-இல், பொது மருத்துவமனையில் சிகிச்சை பெறுவோர்க்கெனச் சிறு வினாத்தாள் ஒன்றை ஆக்கினர். பதற்றத்திற்கு 7, சோர்வுக்கு 7, ஆக 14 வினாக்கள். ஒவ்வொரு பகுதியும் 0 முதல் 21 வரை எண் பெறும். 8 முதல் 10 வரை ஐயத்திற்குரிய நிலை. 11-உம் அதற்கு மேலும் உறுதியான நிலை. உறக்கமின்மை, தலைவலி, தலைச்சுற்று முதலிய உடற்குறிகளை அவர்கள் விலக்கினர். சோர்வின் உயிர்நிலை இன்பந்துய்க்கும் ஆற்றல் குன்றுதலே என்று கொண்டு, சோர்வுப் பகுதியின் வினாக்களைப் பெரும்பாலும் அதனைச் சுற்றியே அமைத்தனர்.

இவ்வளவு விழிப்போடு செய்த கருவியிலும் ஒரு வினா மூளைநோயாளரிடம் இடறியது. தாம் முன்போலன்றி மந்தமாகிவிட்டதாக உணர்கின்றாரா என்று வினவும் பகுதி அது. வேறு நோயாளர்க்கு அவ்வினா மனத்தின் தளர்ச்சியைத் தொடும். மூளையில் அடிபட்டவர்க்கோ எண்ணமும் நடையும் உண்மையிலேயே மந்தமாகியிருக்கும்; அவர் தம் உடலின் நிலையை உள்ளவாறு கூறுகின்றார்; தாளோ அதனைத் துயரெனக் கணக்கிடுகின்றது. உடற்குறி வேறு மனக்குறி வேறு எனப் பகுக்கும் முறை, உடலும் மனமும் சந்திக்கும் அவ்வுறுப்பிலேயே நோய் வரும்போது முற்றும் செல்லாது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

துயர் வெப்பமானி

அமெரிக்காவில் நியூயார்க்கு நகரத்துப் புற்றுநோய் மருத்துவமனை ஒன்றில் 1977 முதல் மனநலப் பணி ஆற்றிவந்த சிம்மி ஹாலண்டு என்னும் அம்மையார் வேறொரு தடையைக் கண்டார். மருத்துவர்க்கு நேரம் இல்லை. நோயாளர்க்கோ ‘மனநோய்’ என்னும் சொல்லின்மீது அச்சமும் நாணமும். ஆகவே எவரும் கேட்பதுமில்லை, எவரும் கூறுவதுமில்லை. உடல்வலியை 0 முதல் 10 வரை கூறுமாறு கேட்கும் முறை மருத்துவமனைகளில் வெற்றி பெற்றிருந்ததை அவர் எண்ணிப் பார்த்தார். 1997-இல் அமைந்த அறிஞர் குழுவொன்றின் வாயிலாக, மனநோய் என்னும் பெயரை நீக்கித் ‘துயர்’ என்னும் பொதுச்சொல்லைத் தெரிந்தெடுத்தார். நிமிர்ந்து நிற்கும் வெப்பமானிப் படம் ஒன்று. அடியில் 0, துயரின்மை. உச்சியில் 10, தாங்கொணாத் துயர். கடந்த ஒரு கிழமையில் தாம் இருந்த நிலையை நோயாளர் அதிற் குறிப்பார். அருகே இல்லம், பணம், உறவு, உடல், உள்ளம் முதலியன பற்றிய சிக்கல்களின் பட்டியல் இருக்கும். 1998-இல் முதலில் ஆண்சுரப்பிப் புற்றுநோயாளரிடம் இதனைப் பயன்படுத்திய ஆய்வு வெளிவந்தது. 2005-இல் 380 நோயாளரிடம் பல மருத்துவமனைகளில் நிகழ்ந்த ஆய்வு, 4 என்னும் எண்ணை எல்லையாகக் கொள்ளலாம் என்று காட்டியது.

மூளைக்கட்டி உடையாரிடம் அவ்வெல்லை பொருந்துமா? செருமனியின் கீல் நகரத்தில் சிமோன் கோபெல், மேடோர்ன் ஆகிய இருவரும் இதனை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டனர். லீட்சு வினாத்தாளோடு ஒப்பிட்டு நோக்கியபோது, இந்நோயாளர்க்கு 6 என்னும் எண்ணே தக்க எல்லையாகக் கிடைத்தது. நான்கிற்கும் ஆறிற்கும் இடைப்பட்ட இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆயின் ஒரு கூட்டத்தார்க்கு வகுத்த எல்லையைப் பிறிதொரு கூட்டத்தாரின்மீது அப்படியே ஏற்றுதல் ஆகாது என்னும் உண்மை அதில் அடங்கியுள்ளது. 2013-இல் எடின்பரோவைச் சேர்ந்த ஆய்வாளர், வெப்பமானி உள்ளிட்ட மூன்று கருவிகளை மூளைக்கட்டி நோயாளரிடம் நேர்முக மருத்துவ உரையாடலோடு ஒப்பிட்டனர். உரையாடலையே உரைகல்லாகக் கொண்டு கருவிகளைத் தேர்ந்தமை குறிக்கத்தக்கது.

சொல்லிழந்தோரும் சொல்ல வல்லோரும்

வலிப்பு நோய்த்துறையில் வேறொரு வழி பின்பற்றப்பட்டது. வலிப்புக்குரிய மருந்துகள் களைப்பும் மறதியும் தரும்; இவை சோர்வின் குறிகளை ஒத்தவை. பிராங்கு கில்லியம் முதலியோர் 2006-இல் வெளியிட்ட கருவி, இவ்வாறு மயங்கக்கூடிய கூற்றுகளை எல்லாம் களைந்து, எஞ்சிய ஆறு கூற்றுகளை மட்டுமே கொண்டது. மொத்த எண் 15-ஐ விஞ்சினால் மருத்துவர் ஆழ்ந்து வினவவேண்டும். இறந்துபோதல் நன்று என்னும் எண்ணம் உண்டா என்பதும் அவ்வாறனுள் ஒன்று. வலிப்புநோயாளரிடைத் தற்கொலை பொதுமக்களினும் மிகுதி என்பதை நினைப்பின், சில நிமிடங்களில் முடியும் இவ்வாறு வினாக்களின் அருமை விளங்கும்.

பக்கவாதத்தால் பேச்சிழந்தார் நிலை இதனினும் கடிது. பால்டிமோரில் இராபர்ட்டு இராபின்சன் முதலியோர் 1984-இல், மூளையின் இடப்பாதி முன்புறத்துச் சேதம் மனச்சோர்வை மிகுவிக்கும் என்று கூறினர். இக்கருத்து நெடுநாள் சொற்போரை எழுப்பியது. ஆலன் கார்சன் முதலியோர் 2000-ஆம் ஆண்டில் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, சேதம் நிகழ்ந்த இடத்திற்கும் சோர்விற்கும் அத்தகைய தொடர்பு மெய்ப்பிக்கப்படவில்லை என்று முடிவு கண்டனர். இச்சொற்போரில் நாம் கருதவேண்டுவது ஒன்றுண்டு. பெரும்பாலார்க்கு மொழியாற்றல் இடப்பாதியில் உறைகின்றது. அங்கே பெருஞ்சேதமுற்றோர் வினாவிற்கு விடை கூறமாட்டார். ஆகவே பல ஆய்வுகள் அவரை விலக்கிவிட்டன. எவர்தம் துயரைப் பற்றிய வழக்கோ, அவருள் பலர் வழக்கு மன்றத்திற்கே அழைக்கப்படவில்லை!

இக்குறையை நீக்க மூவகை முயற்சிகள் எழுந்தன. முதலாவது, சொல்லுக்கு மாற்றாகப் படத்தைக் கொள்ளுதல். அமெரிக்காவின் இராபர்ட்டு இசுட்டேர்ன் 1997-இல் வெளியிட்ட கருவியில், இயல்பான முகம் ஒன்றும் உணர்ச்சி காட்டும் முகம் ஒன்றும் 100 மில்லிமீட்டர் நீளமுள்ள கோட்டின் இரு முனைகளில் நிற்கும். நோயாளர் கோட்டில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டுவார். எட்டு மனநிலைகள் இவ்வாறு அளக்கப்படும். கோடு கிடையாக இல்லாது மேல்கீழாக அமைந்தமைக்குக் காரணம் உண்டு. மூளையின் ஒரு பாதி பழுதுறின், சிலர்க்குக் காட்சியின் ஒரு பக்கமே கவனத்திற்கு எட்டாது போகும். கிடைக்கோட்டில் பாதியை அவர் காணார். நிலைக்கோட்டை முழுதும் காண்பர்.

இரண்டாவது, உடனிருப்பாரை வினவுதல். இங்கிலாந்தின் நாட்டிங்காமில் சட்கிளிப்பு, இலிங்கன் ஆகியோர் 1998-இல், பேச்சிழந்தார் அழுகின்றாரா, பிறர் முகத்தை நோக்க மறுக்கின்றாரா என்பன போன்று, காண்பார்க்குப் புலப்படும் செயல்களை வினவும் தாளை ஆக்கினர். அதற்குப் பத்தாண்டு முன்பே, 1988-இல், மறதிநோயாளர்க்கெனக் கார்னல் பல்கலைக்கழகத்தார் 19 கூறுகள் கொண்ட அளவுகோலில், பேணுவாரையும் நோயாளரையும் தனித்தனியே வினவி இரண்டையும் சீர்தூக்கும் முறையை வகுத்திருந்தனர். மூன்றாவது, பயின்ற மருத்துவரே நோக்கி எண்ணிடுதல். பிரான்சு நாட்டுப் பெனைம் முதலியோர் 2004-இல் இவ்வகைக்கு 9 கூறுகள் கொண்ட அளவுகோலைத் தந்தனர்.

இம்மூன்றும் குறையற்றவை என்று கூறோம். பேணுவாரின் விடையில் அவர்தம் துயரும் கலந்துவிடும். மருத்துவர் நோக்குதல், நாம் முற்கூறிய மெய்ப்பாட்டுச் சிக்கலை மீண்டும் எதிர்கொள்ள வேண்டும். அழுகையைக் கண்டு துயரென்று துணிதல் மூளைநோயிற் பிழையாகலாம். ஆயினும் கேளாது விடுதலினும் குறையோடு கேட்டல் மேல் என்பது இம்முயற்சிகளின் அடிநாதம்.

தமிழில் வினவுதல்

இனி, இவ்வரலாறு நம் மொழியைத் தொடும் இடத்திற்கு வருவோம். தமிழ்நாட்டில் மூளை அறுவை மருத்துவம் வேலூரில் 1949-இல் சேக்கப்பு சாண்டியாலும், சென்னையில் 1950-இல் பா. இராமமூர்த்தியாலும் தொடங்கப்பெற்றது. எழுபது ஆண்டுகட்கு மேலாகத் தமிழ் பேசும் நோயாளர் இச்சிகிச்சையைப் பெற்று வருகின்றனர். அவர்தம் மனத்துயரை வினவ வேண்டுமாயின், அதனைத் தமிழிலேயே வினவவேண்டும். அங்கே சொற்பொருளின் நுட்பம் மருத்துவ நுட்பமாகவே மாறுகின்றது.

லீட்சு வினாத்தாளில் அச்சத்தை வினவும் ஒரு பகுதி, வயிற்றில் வண்ணத்துப்பூச்சி பறப்பதாகக் கூறும் ஆங்கில மரபை ஆளுகின்றது. இதனைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கின் நோயாளர் திகைப்பர். செரிமானக் கோளாற்றை வினவுவதாகவும் கருதுவர். நம் மக்கள் அதே உணர்வை ‘வயிற்றில் புளியைக் கரைக்கிறது’ என்பர். இரு மொழியும் அச்சத்திற்கு வயிற்றையே இடமாக்கின. படிமம் மட்டும் வேறு. இஃது எளிதில் தீரும் சிக்கல்.

எளிதில் தீராத சிக்கல் வேறொன்று. தமிழர் கவலையைத் தலையின்மேல் ஏற்றிக் கூறும் வழக்கம் உடையர். ‘தலை கனக்கிறது’, ‘மண்டையைக் குடைகிறது’, ‘தலை சுற்றுகிறது’, ‘மூளை கலங்கிவிட்டது’ என்பன அன்றாட வழக்குகள். உடல்நலம் உடையார் இவ்வாறு கூறின் கவலையென்று கொள்வோம். மூளையிற் கட்டி உடையார் கூறின், அது கவலையைக் குறித்ததா, மூளையின் அழுத்தம் மிகுந்ததைக் குறித்ததா? ஒரே தொடர் இரு பொருள் படும். ஒன்றிற்கு ஆறுதலும் மற்றொன்றிற்கு உடனடி மருத்துவமும் வேண்டும். ஆகவே இந்நோயாளர்க்குரிய தமிழ் வினாக்களில் தலையைச் சுட்டும் மரபுத்தொடர்களை விலக்குதலும், நோயாளரே அவற்றைக் கூறுமிடத்து ‘வலியா, கவலையா?’ என்று மீண்டும் வினவுதலும் வேண்டும் என்பது நம் துணிபு. ‘மனம் கனக்கிறது’, ‘எதிலும் மனம் ஒட்டவில்லை’, ‘யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை’ முதலிய தொடர்கள் உடலைச் சுட்டாது மனத்தையே சுட்டுவனவாதலின் இவற்றுக்குத் தகும்.

‘துயர்’ என்னும் சொல்லைத் தெரிந்தெடுத்த ஹாலண்டு அம்மையாரின் கருத்தும் நமக்குப் பாடமாகும். ‘மனநோய் உண்டா?’ என்று கேட்பின் நம் ஊர்களில் இல்லை என்னும் விடையே வரும். ‘மனத்துக்குக் கஷ்டமாக இருக்கிறதா?’ என்று கேட்பின் பேச்சுத் தொடங்கும். எந்தச் சொல் ஒருவரைப் பேசவைக்கும், எந்தச் சொல் வாயடைக்கும் என்பதை ஆராய்தல் மொழித்துறைக்குரிய பணியே.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்குவோம். மூளைநோயுற்றாரின் மனத்துயரை முதலில் புறத்தோற்றத்தால் அறிய முயன்றனர். கண்ணீரும் துயரும் பிரியக்கூடும் என்பது தெரிந்தது. நோயாளரின் சொல்லால் அறிய முயன்றனர். சொல்லே இல்லாதாரும், தம் நோயையே அறியாதாரும் உளர் என்பது தெரிந்தது. உடற்குறிகளை நீக்கி அளந்தனர். மூளைநோயில் உடலும் மனமும் அவ்வளவு எளிதிற் பிரியா என்பது தெரிந்தது. ஒவ்வொரு கருவியும் தான் தவறிய இடத்தால் அடுத்த கருவிக்கு வழிகாட்டியது.

ஆகலின் இத்துறையில் எண் என்பது தீர்ப்பு அன்று; உரையாடலுக்குத் திறக்கும் வாயில். எண் மிக்கிருப்பின் உட்கார்ந்து வினவவேண்டும். எண் குறைந்திருப்பின் அமைதி என்று துணியாது, அறியாமையோ எனவும் எண்ணவேண்டும். விடையே வாராதாயின் துயர் இல்லை என்று எழுதிவிடாமல், வேறு வழியில் வினவவேண்டும். மூளையின் கட்டியை முற்றும் நீக்க இயலாத இடத்தும், மனச்சோர்வையும் அச்சத்தையும் தணிக்கும் வழிகள் உள்ளன. வினவப்படாத துயர்க்கு அவ்வழிகள் பயன்படா.

அழுகைக்கு நான்கு நிலைக்களன் கூறிய தொல்காப்பியர், அவற்றுள் ‘இழவு’ என்பதனையும் வைத்தார். உறவையும் பொருளையும் இழத்தலே அச்சொல்லால் பொதுவாகக் கருதப்படும். தம் நினைவையும் சொல்லையும் தம்மையுமே சிறிது சிறிதாக இழக்கும் மூளைநோயாளரின் துயரும் இழவே. அவர் அழினும் அழாதிருப்பினும், அவ்விழவை அவரிடமே கேட்டறியும் மொழியை ஆக்கித்தருதல், மருத்துவரோடு மொழியறிஞரும் கூடி ஆற்றவேண்டிய கடனாகும்.